அலுமினிய ஹெட்டும் மாம்பலத்துத் தண்ணீரும்

பதிவு கொஞ்சம் நீளம். இரண்டு தவணையாகப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

பாண்டி பஜார் பற்றிப் போன மாதம் எழுதியதற்குக் கீழே நிறையப் பேர் அந்தக் காலத்துக் கார்களை நினைவுபடுத்தி எழுதியிருந்தீர்கள். பெரியப்பாவின் பேரன் மட்டும் கேள்வியாகவே கேட்டுவிட்டான். கொட்டகையில் நிற்கும் பியட்டின் சிலிண்டர் ஹெட்டில் விரிசல். ஒரு மெக்கானிக் "காயலான் கடைக்குப் போட்டுடுங்க" என்கிறாராம். இன்னொருவர் "ஆர்கான் அடிச்சா சரியாயிடும்" என்கிறாராம். எது சரி? ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் 1898-லிருந்துதான் தொடங்குவான் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

எழும்பூர் அருகே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும்போது அரசு கவின்கலைக் கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி அது. ஓவியம், சிற்பம் என்றுதான் நாம் அதை நினைக்கிறோம். அந்த வளாகத்தில்தான் 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து தகடு வரவழைத்து, நம் ஊர்ப் பித்தளை, செம்புக் கைவினைஞர்களைக் கொண்டு அண்டா, குண்டான், சட்டி என்று அடிக்கச் செய்தார். இந்தியாவில் அலுமினியத் தொழிலின் பிறந்தவீடு என்று அந்த வளாகத்தைச் சொன்னால் மிகையில்லை. அங்கே ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்போது அலுமினியம் புத்தம்புது உலோகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதன் விலை வெள்ளியோடு போட்டி போட்டது. 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணை முடித்தபோது, உச்சிக்கு மரியாதையாக ஒரு சின்ன அலுமினியக் கூம்பைத்தான் வைத்தார்கள். இரண்டே வருடத்தில், 1886-ல், அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் பால் எரூ ஆகிய இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் அறியாமல் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. (இருவரும் பிறந்தது 1863, இருவரும் இறந்தது 1914. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.)

பாத்திரம் வந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. பித்தளைப் பானை ஓட்டையானால் தெருவில் வருபவரைக் கூப்பிட்டுப் பற்ற வைக்கலாம். அலுமினியத்துக்கு அவர் கையை விரித்துவிடுவார். ஆணி அடித்து ஓட்டையை அடைக்கலாம், அவ்வளவுதான். காரணம் அந்த உலோகத்தின் தோல். காற்றுப் பட்ட கணமே அதன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே இருக்கும் படலமோ 2000 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். நெருப்பைக் காட்டினால் தோல் அப்படியே இருக்க, உள்ளே சதை மட்டும் குழம்பாகிவிடும். இரண்டு சொட்டு உருகிய அலுமினியம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், நடுவில் இந்தத் தோல் இருக்கிறவரை ஒட்டாது.

தட்டார் வேலையில் வெண்காரப் பொடி வைத்து, குழலால் ஊதிப் பற்ற வைப்பார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்பதே அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பொன்னுக்கும் வெள்ளிக்கும் பித்தளைக்கும் சரிப்பட்ட அந்த வெண்காரம் அலுமினியத் தோலிடம் தோற்றுப்போகும். அதற்குக் குளோரைடு, புளோரைடு உப்புகள் கலந்த வேறு பொடி வேண்டும்.

புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்காதே என்று பாட்டிமார்கள் சொன்னதும் இதே தோல் சமாசாரம்தான். புளியும் உப்பும் அந்தப் படலத்தை அரிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ரேடியேட்டரில் வரப்போகிறது.

இனி கார். சுதந்திரத்துக்குப் பிறகு முழுக் கார் இறக்குமதி நெருக்கப்பட்டது. 1953-ல் சுங்கவரி ஆணையம், இந்தியாவிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்ற வழியைக் காட்டியது. பாகங்களை வரவழைத்துப் பூட்டிக்கொண்டிருந்த போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்த ஆண்டுக்குள் மூட்டை கட்டின. மிஞ்சியது மூன்று வண்டி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பியட், நம் ஊர் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட். மதராஸ்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மேல் ஒரு சொந்தப் பாசம் உண்டு. ஆனால் மழையில் ஒழுகும்.

இந்த மூன்றில் அம்பாசிடருக்கும் ஹெரால்டுக்கும் ஹெட் வார்ப்பிரும்பு. பியட்டுக்கு மட்டும் அலுமினியம். எஞ்சினின் அடிப்பாகமான பிளாக் மூன்றுக்குமே இரும்புதான். பியட் 1100-ஐ வரைந்த இத்தாலியர்கள் காரணத்தோடுதான் செய்தார்கள். 1089 சிசி சின்ன எஞ்சின், எடை குறைய வேண்டும். அலுமினியம் இரும்பைவிட மூன்றில் ஒரு பங்கு எடைதான். வெப்பத்தையும் வேகமாகக் கடத்தும். அம்பாசிடர் ஹெட்டைத் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பியட் ஹெட்டைக் கோணியில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகலாம். நானே போயிருக்கிறேன், சொல்கிறேன்.

ஆனால் ஒரு விலை உண்டு. சூடானால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட், நடுவில் ஒரு கேஸ்கெட், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும் போல்ட்டுகள். ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் ஹெட் விரியப் பார்க்கும், இரும்பு விடாது. எஞ்சின் அளவான சூட்டில் இருக்கும்வரை இந்தக் குடும்பச் சண்டை வெளியே தெரியாது. சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும். வால்வு உட்காரும் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே சதை மிக மெல்லியது. அங்கேதான் முதலில் மயிரிழை போல விரிசல் விழும்.

மதராஸில் சூடு எல்லை மீறுவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. தண்ணீரும் காரணம். நம் தியாகராய நகரே ஒரு ஏரிக்குள் இருக்கிறது என்பதைப் பல முறை எழுதிவிட்டேன். மாம்பலத்திலிருந்து நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்து, 1920-களில் மனை போட்டு, சர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரை வைத்தார்கள். ஏரியை மூடிய ஊர் அதற்குப் பிறகு தண்ணீருக்குக் கைப்பம்பு அடித்தது, போர் போட்டது, லாரிக்காகக் குடத்தோடு நின்றது. குடிக்கவே எண்ணி ஊற்றுகிற வீட்டில் ரேடியேட்டருக்கு யார் நல்ல தண்ணீர் கொடுப்பார்கள்? போர் தண்ணீர்தான் போகும். பல தெருக்களில் அது வாளியில் வெள்ளையாகப் படியும், துணியைப் பழுப்பாக்கும், நாக்கில் உப்புக் கரிக்கும்.

அந்த உப்புத்தான் பாட்டியின் புளி. அலுமினியத்தின் தோலை உள்ளிருந்து அரிக்கும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பும் பித்தளையுமாக ரேடியேட்டர், மூன்றையும் இணைத்து ஓடும் உப்புத் தண்ணீர்: பள்ளியில் நீங்கள் செய்த மின்கலப் பரிசோதனைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கலத்தில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். தண்ணீரின் சுண்ணாம்பு வேறு ஹெட்டின் நீர்வழிகளில் வெந்நீர் பாய்லர் போலப் படிந்து சூட்டை வெளியே விடாது. வெளிநாட்டுக் கையேடுகளில் ஆன்டி பிரீஸ் ஊற்றச் சொல்லியிருக்கும். "இங்கே என்ன பனியா விழுது?" என்று நம்மவர்கள் சிரித்தார்கள். பனிக்காக மட்டுமல்ல, அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் இருந்தது. போதாக்குறைக்கு, வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது ஊரெங்கும் ஒரு வழக்கமாக இருந்தது. காய்ச்சல் வந்தவனுடைய தெர்மாமீட்டரைப் பிடுங்குகிற வைத்தியம் என்று பெரியப்பா சொல்வார். முழுப் பொருத்தமான உவமை இல்லை, ஆனால் மருத்துவர் கோபத்தில் சொன்னது.

எங்கள் பெரியப்பா மேற்கு மாம்பலத்தில் மருத்துவம் பார்த்தவர் என்பது உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இரவில் யார் கதவைத் தட்டினாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வண்டி 1967 பியட், டிலைட். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. அந்தக் காலத்தில் புது பியட்டைவிடக் கைமாறும் பியட்டுக்கு அதிக விலை கொடுத்தார்கள், காத்திருக்க வேண்டாமே என்று. 1973 கோடையில் செங்கல்பட்டு போய்த் திரும்பும்போது வண்டலூர் தாண்டி வண்டி கொதித்தது. ஸ்டாண்டர்ட் கார் தொழிற்சாலை வாசலுக்கு அருகிலேயே ஒரு பியட் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்தி வந்து, கொதிக்கிற எஞ்சினில் ஊற்றினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். சூடான கண்ணாடி டம்ளரில் பானைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

மறுநாள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி. புகைபோக்கியில் வெள்ளைப் புகை. ஹெட்டைக் கழற்றியதும் இரண்டாம் சிலிண்டரில், வால்வு சீட்டுகளுக்கு நடுவே, பென்சில் கோடு போல ஒன்று. புது ஹெட் கேட்டால் பம்பாயிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று எந்தக் கடைக்காரரும் தேதி சொல்லவில்லை. அதுவரை இரவு அழைப்புகளுக்கு சைக்கிள் ரிக்‌ஷாதான். ரங்கராஜபுரத்தில் ஒரு பிரசவ வீட்டுக்கு அவர் ஓட்டமும் நடையுமாகப் போன இரவை அத்தை பலமுறை சொல்லியிருக்கிறாள். தாயும் குழந்தையும் நலம், ஆனால் அன்றைக்கு அவர் கை நடுங்கியதாம்.

அப்போதுதான் நான், கல்லூரி விடுமுறையில் சும்மா இருந்த பையன், ஹெட்டைக் கோணியில் சுற்றிப் பல்லவன் பஸ்ஸில் புதுப்பேட்டைக்கு எடுத்துப் போனேன். புதுப்பேட்டை உங்களுக்கெல்லாம் பழைய உதிரி பாகங்களின் கடல். கூவம் ஓரம், கார், லாரி, ஸ்கூட்டர் எதன் எந்த எலும்பும் அங்கே கிடைக்கும். புதுச் சாமான் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு தாண்டி ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. சாட்டர்டன் பாத்திரம் அடித்த வளாகத்திலிருந்து புதுப்பேட்டை அதிக தூரமில்லை என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. பின்னால் யோசித்தபோது ஒரு சின்ன மகிழ்ச்சி.

அங்கே ஒரு பெரியவர். தகரக் கொட்டகை, இரண்டு சிலிண்டர், ஒரு கரி அடுப்பு. அவர் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பாடப்புத்தகங்களில் இது கிடையாது.

முதலில் கீறல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரிவது எப்போதும் பாதிதான். மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடியைப் பூசினார். கால் மணி கழித்து, கீறலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து பொடியில் கறையாக எழுந்தது. நாங்கள் பார்த்ததைவிட ஒரு விரற்கடை நீளம். ரயில் பட்டறைகளில் சக்கரத்தையும் அச்சையும் சோதிக்க நெடுங்காலம் வழங்கிய முறை இது.

கீறலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டார். ஓடுகிற கீறல் வட்டத்துளைக்குள் வந்தால் நின்றுவிடும். பிறகு கீறல் நெடுகிலும் உளியால் வாய்க்கால் போல வெட்டி, கறுப்பு போய் வெள்ளி தெரியும்வரை தோண்டினார். வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த உலோகம் அது. அந்த எண்ணெய் உள்ளே இருந்தால் பற்ற வைக்கும்போது புகையாகிப் பணியாரம் போலத் துளைத் துளையாகிவிடும். அதனால் ஒருமுறை சுட்டு, கழுவி, மறுபடி சுட்டார்.

பிறகுதான் பெரிய வித்தை. இரும்பு சூடானால் சிவக்கும், மஞ்சளாகும், கண்ணே அளவுகோல். அலுமினியம் நிறம் மாறாது. வெள்ளையாகவே இருக்கும், இருக்கும், அடுத்த நொடி பொத்தென்று தரையில் ஊற்றிவிடும். ஒரு ஹெட் முழுவதும் அப்படிப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? துணி சோப்பை எடுத்து ஹெட்டின்மேல் ஒரு கோடு இழுத்தார். அடுப்பில் ஹெட் மெல்லச் சூடாக, அந்தக் கோடு பழுப்பாகி, பிறகு கறுத்தது. முன்னூறு, நானூறு டிகிரிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தெர்மாமீட்டர் இல்லை, மீட்டர் இல்லை, ஒரு சோப்புக் கட்டி. ஹெட் முழுவதும் சூடாக இருந்தால்தான் பற்ற வைத்த இடம் ஆறும்போது சுற்றியிருக்கும் இடத்தை இழுத்துப் புதுக் கீறல் உண்டாக்காது.

ஒட்டுக் கம்பியும் அவரே செய்தது. உடைந்த பிஸ்டன்களை உருக்கி ஆங்கிள் இரும்பின் பள்ளத்தில் ஊற்றி எடுத்த குச்சிகள். பிஸ்டனில் சிலிகான் கலந்திருக்கும், அதனால் நன்றாக ஓடிப் பிடிக்கும். சிலிகான் என்ற பெயரை அவர் சொல்லவில்லை. "பிஸ்டன்தான் ஹெட்டுக்கு சொந்தக்காரன், ஒட்டும்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொடியில் குச்சியைத் தோய்த்து, சுடரைக் காட்டினார். தோல் சுருங்கி விலகும் கணத்தில் குச்சி உள்ளே. மூன்று நிமிடம்கூட இருக்காது. உடனே ஹெட்டைச் சாம்பலில் புதைத்தார். மறுநாள் வரை திறக்கக் கூடாது என்றார்.

மறுநாள் வெந்நீரும் பிரஷ்ஷுமாக அரை மணி தேய்த்தார். அந்தப் பொடியே உப்புதான், மிச்சம் இருந்தால் ஆறு மாதத்தில் பக்கத்தில் ஓட்டை போடும் என்றார். அதன் பிறகு லேத்துக்காரர் சீட் வெட்டி, ஹெட்டின் அடியைச் சமமாக இழைத்தார். ஒவ்வொரு இழைப்பிலும் ஹெட் கொஞ்சம் மெலியும். அதனால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஒரு ஹெட்டை இழைக்க முடியாது. மாட்டும்போது நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

பெரியப்பாவின் 1973 டைரியில் இதெல்லாம் ஒரே வரி: "ஹெட், 140 ரூ." கீழே, அதே பக்கத்தில், அன்றிரவு போய்ப் பார்த்த மூன்று நோயாளிகளின் தெருப் பெயர்கள். ஒரு பக்கத்தில் இவ்வளவு வரலாறு.

அந்த ஹெட் எட்டு வருடம் ஓடியது. அதற்குள் உலோகமே நம் பக்கத்திலிருந்து வரத் தொடங்கியிருந்தது. 1965 முதல் மேட்டூரில் மதராஸ் அலுமினியம் கம்பெனி, சேர்வராயன் மலை பாக்சைட்டை வைத்து அலுமினியம் உருக்கியது. அணைப் பக்கமாகச் சுற்றுலா கூட்டிப்போனபோது உங்களில் சிலருக்கு வெளியிலிருந்து காட்டியிருக்கிறேன். அலுமினியம் என்றால் பாதி மின்சாரம் என்று அப்போது சொன்னதும் நினைவிருக்கலாம்.

பற்ற வைக்கும் கலையை மாற்றியது போர். 1941 வாக்கில் அமெரிக்காவில் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், மெக்னீசியம் விமானப் பாகங்களை ஒட்டுவதற்காக ஒரு வழி கண்டார். டங்ஸ்டன் முனையிலிருந்து மின்பொறி, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவின் போர்வை. காற்று உள்ளே வராததால் புதுத் தோல் உண்டாகாது. பின்னால் ஹீலியத்தின் இடத்துக்கு ஆர்கான் வந்தது. அலுமினியத்துக்கு மாறுதிசை மின்னோட்டம் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதி பழைய தோலை உடைக்கும், மறுபாதி உலோகத்தை உருக்கும். பொடி வேண்டாம், கழுவ வேண்டாம். நம் பட்டறைகளில் 'ஆர்கான்' என்று செல்லமாகச் சொல்வது இதைத்தான். இந்த வேலையைப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கவும் ஆராயவும் திருச்சி பெல் நிறுவனத்தில் 1975-ல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமே வந்தது. கிண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த என் மாணவன் ஒருவன் எண்பதுகளின் கடைசியில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். நீலப் பொறி, சத்தமே இல்லை. "சார், புதுப்பேட்டைத் தாத்தா பண்றதை இது பட்டன்ல பண்ணுது" என்றான். முழுக்க அப்படியில்லை. ஹெட்டை முன்கூட்டிச் சூடாக்குவதும் கீறலை முழுதாகத் தோண்டுவதும் இன்றும் கைவேலைதான். அதைச் சோம்பலில் தாண்டுகிற இடத்தில் விலையுயர்ந்த மெஷினும் கெட்ட பெயர் வாங்குகிறது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதற்கும் அலுமினிய ஹெட்தான். ஆனால் கூடவே கூலன்ட் என்ற பச்சைத் தண்ணீரையும் அது பழக்கியது. பனி விழாத ஊரில் ஏன் என்று கேட்ட வாய்கள் மெல்ல அடங்கின. என் கணக்கில் நம் ஊர் எஞ்சின்களை அதிகம் காப்பாற்றியது அந்தப் பச்சைத் தண்ணீர்தான்.

பத்மினி என்ற பெயரில் பியட் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை குர்லாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. பம்பாய் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினி 2023 அக்டோபரில் நின்றது. அதனால்தான் இந்தக் கேள்வி இப்போது கனமாகிறது. அன்று பம்பாயிலிருந்து வரத் தாமதமானது, இன்று வருவதற்கு ஆலையே இல்லை. காயலான் கடையில் ஒரு ஹெட்டை எடை போட்டால் அலுமினிய விலை கிடைக்கும். மறுபடி அப்படி ஒன்று வார்க்க யாரும் இல்லை.

பேரனுக்குப் பதில்: எல்லாக் கீறலும் பற்ற வைக்கத் தக்கதல்ல. முதலில் ஹெட்டை அழுத்தச் சோதனைக்குக் கொடு. நீர்வழிகளை அடைத்து, காற்றை ஏற்றி, வெந்நீரில் முக்கினால் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். கீறல் ஒன்று, வால்வு சீட்டுகளுக்கு நடுவே, உள்ளே நல்ல சதை இருக்கிறது என்றால் தாராளமாகச் செய். நீர்வழிச் சுவரே கரும்புச் சக்கை போல அரித்துப் போயிருந்தால், பற்ற வைக்க வைக்கப் பக்கத்தில் உடையும். அப்போது புதுப்பேட்டையில் நல்ல பழைய ஹெட் ஒன்றைத் தேடு, அதையும் இதே சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காசு கொடு. பசை போட்டு அடைக்கலாம் என்று சொல்பவரிடம் போகாதே. வெளிப்புறத் தண்ணீர்க் கசிவுக்கு அது கொஞ்ச நாள் தாங்கும், எரிகிற பக்கத்தில் ஒரு வாரம் நிற்காது. இழைப்பதற்கு முன் ஹெட்டின் உயரத்தை அளந்து எழுதி வை. வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதால், பழைய வடிவம் மாறாமல் இருந்தால், 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். கடைக்குப் போய்வர வேண்டும் என்றால் வழக்கமான ஐந்தாண்டுப் புதுப்பிப்பே போதும்.

மதராஸின் கார் வரலாறு என்று எழுதுகிறவர்கள் தொழிற்சாலைகளோடு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை வண்டி செய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. செய்த வண்டியை நாற்பது வருடம் ஓட வைத்தவர்கள் கணக்கில் இல்லை. அவர்கள் பில்புத்தகம் போடவில்லை, சுண்ணாம்பில் கரித்துண்டால் எழுதி அழித்துவிட்டார்கள். ஒரு டாக்டரின் டைரியில் ஒரு வரி என்பதே எனக்குக் கிடைத்த பெரிய ஆவணம்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா, தாத்தா அலமாரிகளில் பழைய ஒர்க்‌ஷாப் ரசீது, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை பில், சர்வீஸ் புத்தகம் எது இருந்தாலும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் வாங்கிய பில்லானாலும் சரி. தேதி தெரிகிற மாதிரி எடுங்கள்.